முரட்டுக் கரையில் படகு கட்டுவது: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

வாணியம்பாடியிலிருந்து:

படகின் பக்கவாட்டில் கீறல் விழுந்தால் உடனே எல்லோரும் சொல்வது, "பெரிய ஃபெண்டராக வாங்கிப் போடு" என்பதுதான். (ஃபெண்டர் என்றால் படகுக்கும் கரைச் சுவருக்கும் நடுவில் தொங்கவிடும் காற்றடைத்த மெத்தை.) எனக்கு அந்த யோசனையில் உடன்பாடில்லை. முதலில் கயிற்றைப் பாருங்கள் என்பேன்.

வளைகுடாவில் சரக்குப் படகுகளில் டெக் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது நம் பக்கத்து ஏரி ஒன்றில் ஃபைபர் படகுகளைப் பராமரிக்கிறேன். அங்கே உப்புத் தண்ணீர், அலை, ஏற்ற இறக்கம் எல்லாம் உண்டு. இங்கே காற்று மட்டும்தான். ஆனாலும் கட்டிப்போட்ட படகு வீணாகும் விதம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நம் ஆட்கள் வழக்கமாக முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு கட்டுவார்கள். இரண்டும் கரையை நோக்கி நேராகப் போகும். படகு கரையை விட்டு விலகாது, சரி. ஆனால் கரையோரமாகவே முன்னும் பின்னும் நகரும். சாயங்காலக் காற்று கிளம்பினால் ஒரு முழம் தூரம் போய்ப் போய் வரும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஃபெண்டர் உருண்டு மேலேறும், கடைசியில் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் சுவரில் உரசுவது வெறும் படகுதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபெண்டராக இருந்தாலும் இதே கதிதான்.

இதற்குத் துறைமுகத்தில் ஸ்பிரிங் கயிறு போடுவார்கள். படகின் முன்பக்கத்திலிருந்து ஒரு கயிறு, கரையில் பின்னால் தள்ளி ஒரு இடத்துக்குப் போக வேண்டும். பின்பக்கத்திலிருந்து இன்னொன்று, முன்னால் தள்ளி ஒரு இடத்துக்கு. இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போகும், முடிந்தவரை நீளமாக இருக்கட்டும். இப்போது படகு முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது. ஃபெண்டர் வைத்த இடத்திலேயே நிற்கும். ஏரிக் கரையில் போலார்டுக்கு, அதாவது கயிறு கட்டும் குட்டைத் தூணுக்கு, எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் பக்கத்தில் வேலிக்கு நடும் கருங்கல் தூண் இருக்கிறதே, அது போதும். ஏரிக்கரையைத் தோண்டி மட்டும் நடாதீர்கள். கரை பலவீனமானால் ஊருக்கே ஆபத்து. படித்துறைத் தளத்தில் காங்கிரீட் போட்டு நிறுத்துங்கள்.

கயிற்றுக்கு அடுத்தது சுவர். நம் ஏரிகளின் உட்சரிவில் உடைத்த கருங்கல்லைப் பாவியிருப்பார்கள். உடைந்த முனை கத்தி மாதிரி நிற்கும். படித்துறை விளிம்பில் ஆங்கிள் இரும்பு வைத்திருப்பார்கள், துருப்பிடித்த போல்ட் தலை நீட்டிக்கொண்டிருக்கும். போல்ட்டுக்கு ஃபெண்டர் வைத்துப் பயனில்லை, அறுத்து எடுத்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்திருக்கும் நாளில் ஒரு முறை இறங்கி, சுவரின் கீழ்ப்பகுதியைக் கையால் தடவிப் பார்ப்பது நல்லது. மழைக்குப் பிறகு அது மூழ்கிவிடும், அங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

ஃபைபர் படகின் மேல்பூச்சு, அதாவது ஜெல்கோட், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். உரசல் தொடங்கினால் முதலில் பளபளப்பு போகும். விரலால் துடைத்தால் வெள்ளையாக மாவு ஒட்டும். அதோடு நிறுத்திக்கொண்டால் பாலிஷ் போட்டுச் சரிசெய்துவிடலாம். விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை தெரிய ஆரம்பிக்கும், விரலில் குத்தும். அந்த நிலைக்கு வந்த படகைத் தண்ணீரில் விடவே கூடாது. இழை வழியாக நீர் உள்ளே இறங்கும், கொப்புளம் கிளம்பும், படகின் எடையும் ஏறும்.

ஃபெண்டரின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. படகின் நீளத்தில் 4, 5 அடிக்கு 1 அங்குல விட்டம். 16 அடிப் படகுக்கு 4 அங்குலம் வரும். கரடுமுரடான சுவர் என்றால் ஒரு அளவு கூட்டிக்கொள்ளுங்கள். காற்றை இறுக அடைக்காதீர்கள், கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காலையில் அடித்த காற்று மத்தியானம் விரிந்து கல்லாகிவிடும், அப்புறம் அது அதிர்ச்சியைத் தாங்காது.

டயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இழுவைப் படகில் டயர் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு நம் ஆட்களும் கட்டுகிறார்கள். அது இரும்பு உடல், தாங்கும். ஃபைபரில் கறுப்புக் கறை ஏறினால் லேசில் போகாது. தேய்ந்த டயரின் ஓரத்திலிருந்து கம்பி வெளியே வந்தால் அதுவே கிழித்துவிடும். கட்டியே ஆக வேண்டும் என்றால் படகில் வேண்டாம், சுவரில் கட்டுங்கள். அடிப்பக்கம் துளை போடாவிட்டால் மழைநீர் தேங்கிக் கொசு வளரும்.

மற்றவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

அண்ணே, கயிறு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நான் சேர்க்க நினைப்பது மண்ணைப் பற்றி. நம் ஏரித் தண்ணீர் கலங்கல். அந்த வண்டல் ஃபெண்டருக்கும் படகுக்கும் நடுவில் போய் ஒட்டிக்கொண்டால் ஃபெண்டரே உப்புத்தாளாக வேலை செய்யும். சுவரில் ஒரு தரம்கூட இடிக்காத படகில், ஃபெண்டர் தொங்கிய இடத்தில் மட்டும் வட்டமாக மங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் லுங்கிக்குப் பஞ்சமில்லை. பழைய லுங்கியை இரண்டு மடிப்பாகத் தைத்து உறை போட்டுவிடுகிறோம். வாரம் ஒருமுறை கழற்றி அலச வேண்டும். அலசாத உறை, உறை இல்லாததைவிட மோசம்.

இன்னொன்று, ஃபெண்டரைக் கைப்பிடிக் கம்பியில் கட்டாதீர்கள். இழுப்பு முழுவதும் கம்பியின் அடிப்போல்ட்டில் விழும், அந்த ஓட்டை தளர்ந்து தண்ணீர் இறங்கும். கயிறு கட்டும் கிளீட்டிலேயே கட்டுங்கள்.

ஆம்பூரிலிருந்து:

செருப்பு, ஷூ அடிப்பாகம் செய்கிற பட்டறைகளில் ஈவிஏ ஷீட்டின், அதாவது ரப்பர் போன்ற நுரைத் தாளின், வெட்டுத் துண்டுகள் கிடைக்கும். அது தண்ணீரை உறிஞ்சாது, நன்றாக அமுங்கிக்கொடுக்கும். மரத்தாலான படகு மேடையின் விளிம்பில் அதை இரண்டு அடுக்காக வைத்து ஒட்டினோம். ஸ்க்ரூ போடுவதானால் தலை ஷீட்டுக்குள் நன்றாகப் புதைய வேண்டும், இல்லாவிட்டால் அதுவே கீறும். வெயிலில் நாளாக ஆக விறைத்து வெடிக்கும், அப்போது மாற்றிவிட வேண்டியதுதான். விலை குறைவு என்பதால் மனம் வந்து மாற்றலாம்.

தோல் துண்டு வைத்தால் என்ன என்று இங்கே பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். நனைந்தால் ஊறும், காய்ந்தால் விறைக்கும், நாற்றமும் வரும். அந்தக் காலத்துப் பரிசலுக்குத் தோல் போர்த்தினார்களே என்றால், அதை வேலை முடிந்ததும் கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைப்பார்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் தொங்கவிடவில்லை.

காட்பாடியிலிருந்து:

என் அனுபவம் ஏரியில் இல்லை, தெருவில். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் போனபோது உறவினர் வீட்டுப் பக்கம் தண்ணீர் சூழ்ந்துவிட்டது. ஆட்களை ஏற்ற ரப்பர் படகு வந்தது, உதவிக்கு நானும் ஏறினேன். அங்கே துறை என்று எதுவும் இல்லை. காம்பவுண்டு சுவர்தான் துறை. சுவர் மேல் கண்ணாடிச் சில்லு, கேட்டில் வேல் முனை, தண்ணீருக்குள் முள்கம்பி. ரப்பர் படகுக்கு இதைவிட மோசமான இடம் இருக்க முடியாது.

படகோட்டி வந்தவர் நிதானமானவர். வீட்டைக் கடந்து கீழே போய், ஓட்டத்தை எதிர்த்துத் திரும்பித்தான் ஒவ்வொரு வீட்டையும் நெருங்கினார். அப்படி வந்தால் எஞ்சினைக் குறைத்ததும் படகு தானாகச் சுவரை விட்டு விலகும். ஓட்டத்தோடு வந்தால் தண்ணீரே கொண்டுபோய்ச் சுவரில் அடித்துவிடும். எங்களிடம் இருந்த கோணிப்பைகளை நனைத்து, நாலாக மடித்துச் சுவர் மேல் போடச் சொன்னார். பாட்டி ஒருவரை இறக்கும்போது அந்தக் கோணி மேல்தான் படகின் விளிம்பு உட்கார்ந்தது. கண்ணாடி குத்திக் கோணி கிழிந்தது, படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் படகில் காற்றறைகள் தனித்தனி, ஒன்று போனாலும் மற்றவை தாங்கும் என்றார். ஆனாலும் அதை நம்பி உரச விடவில்லை அவர்.

இன்றும் எங்கள் வீட்டு மாடியில் கொஞ்சம் கோணிப்பை கட்டி வைத்திருக்கிறேன்.

செங்கத்திலிருந்து:

எங்கள் ஊரும் 1989 வரை வேலூரோடு சேர்ந்த வட ஆற்காடு மாவட்டம்தான், அந்த உரிமையில் நானும் எழுதுகிறேன். அணைப் பக்கத்தில் படகு வைத்திருப்பவர்களின் பிரச்சினையே வேறு. சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 119 அடி. கோடையில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். நேற்று ஃபெண்டர் நின்ற உயரத்தில் இன்று சுவர் இல்லை, பாறைதான். இப்படிப்பட்ட இடத்தில் நிலையான துறையில் கட்டவே கூடாது. காலி டிரம்களின் மேல் பலகை அடித்து மிதவை மேடை செய்து, அதில் கட்டுவதுதான் வழி. மேடையும் படகும் சேர்ந்து இறங்கும்.

மேடை வைக்க முடியாமல் தூண்களில்தான் கட்ட வேண்டும் என்றால் ஒரு உபாயம். தூண் ஒற்றையாக நிற்பதால் ஃபெண்டர் அதில் நிற்காமல் நழுவும். இரண்டு ஃபெண்டர்களைத் தொங்கவிட்டு, அவற்றுக்கு வெளியே ஒரு பலகையைக் குறுக்காகத் தொங்கவிடுங்கள். தூண் பலகையில் உரசும், பலகை ஃபெண்டர்களில் அமுங்கும். பலகையின் முனைகளை உருட்டி இழைத்துவிடுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

அண்ணே, இழை தெரிகிற அளவுக்குப் போய்விட்ட படகை நாமே பூசலாமா?

வாணியம்பாடியிலிருந்து:

சின்ன இடம் என்றால் பூசலாம் தம்பி. பழுது பெரிதாக இருந்தாலோ, தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் கேட்டாலோ ஃபைபர் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடு.

படகைக் கரையேற்றி நிழலில் பல நாள் காயவிடு. ஈரத்தோடு பூசினால் ஒட்டாது. தளர்ந்ததைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, அசிட்டோனால் துடை. ஜெல்கோட்டில் அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம்தான் கலக்க வேண்டும். நம் வெயிலுக்குக் குறைந்த பக்கமே நல்லது, கூடினால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். விடியற்காலையில் பூசு. கையுறை, கண்ணாடி கட்டாயம், கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகும். பூசிய பிறகு மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைக் காற்றுக் குமிழ் இல்லாமல் ஒட்டிவிடு. காற்றுப் பட்டால் மெழுகு சேர்க்காத ஜெல்கோட்டின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். நன்றாக இறுகின பிறகு தாளை உரித்து, நைஸ் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் சமமாகிவிடும்.