தெருக் கண்காணிப்புக் குழு தளராமல் நடக்க யோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ திட்டத்தை முன்னெடுத்த காலத்தில், வடசென்னையிலுள்ள எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பணம் திரட்டி 8 கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தினோம். பொருத்துவதற்குத் தாராளமாகக் கொடுத்தவர்களே பராமரிப்புக்குக் கொடுக்கத் தயங்குவதால், இன்று 3 மட்டுமே வேலை செய்கின்றன. எரியாத தெருவிளக்குகளைப் பற்றி மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் அளிப்பதும், இரவில் வேலை முடிந்து திரும்பும் பெண்களுக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து துணையாக வருவதும் ஓய்வுபெற்ற இருவர் தலையிலேயே விழுந்திருக்கின்றன (ஒருவருக்கு முழங்கால் வலி வேறு). வாடகைக்குக் குடியிருப்போரையும் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு, மாதச் சந்தாவைச் சண்டையின்றி வசூலித்து, முறைவைத்து இப்பணியைத் தொடரும் நலச்சங்கத்தினர் இங்கு இருந்தால், வரவு செலவுக் கணக்கை எவ்வாறு காட்டுகிறீர்கள், கேமராப் பதிவுகளை யார் பொறுப்பில் வைத்திருக்கிறீர்கள் என்பதை விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் தங்கள் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் இதை முன்வைத்துப் பலன் கண்டவர்களின் அனுபவமும் எங்களுக்கு உதவும்.