நீத்துப்பெட்டி ஓலை கறுக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் வணக்கம். கச்சான் காத்து ஓய்ஞ்சு வாடைக் காத்து திரும்புது. திருகோணமலை நிலாவெளிப் பக்கம் எங்கட வளவில இதுதான் நல்ல காலம்: கிணற்றடியில கத்தரி, மிளகாய் நாற்று, பின்னேரம் பிளேன்ரீயோட திண்ணையில இருந்து ஓலைப் பின்னல்.

சிக்கல் அந்த ஓலையிலதான். பனங்குருத்தோலை வெட்டி, ஈர்க்கு நீக்கி, காயவைச்சுத்தான் நீத்துப்பெட்டி (பிட்டு அவிக்கிற கூம்புப் பெட்டி) பின்னுறன். நல்ல வெயில் பட்ட ஓலை வெள்ளையா நிக்குது. மழை மூடின நாளில காய்ஞ்சதில மட்டும் ஓரத்தில சாம்பல் புள்ளி விழுந்து பூஞ்சண மணம் வருது. பிட்டு அவிக்கிற பெட்டி, மருந்து ஒண்டும் போட ஏலாது. உப்புத் தண்ணியில அவிச்சு எடுத்தால் சரிவருமா? அடுப்புக்கு மேல பரணில வைச்சால் புகை மணம் ஏறிடுமோ? கூர் முனையை எப்படி இறுக்கிறது எண்டு ஆராவது கிட்ட எடுத்த படம் போட்டாலும் பெரிய உதவி. (வீடியோ வேண்டாம், கை ஓடுற வேகத்தில ஒண்டும் விளங்கேல்ல.)

இன்னொண்டு, பனம்பாத்தி (பனங்கிழங்குக்குப் பனங்கொட்டை புதைக்கிற பாத்தி). கொட்டை சேர்த்தாச்சு. எங்கட மண் மேல மணல், கீழ களி. கிழங்கு நேரா இறங்க மணலைக் குவிச்சுப் பாத்தியை உயர்த்தப் போறன். மூண்டு நாலு மாதத்தில கிண்டலாம். அவிச்சது போக மிச்சம் ஒடியலுக்கு (பச்சைக் கிழங்கைக் காயவைச்சு எடுக்கிறது). கார்த்திகை மழையில தண்ணி நிண்டு அழுகிடுமோ எண்டுதான் பயம். முழங்கால் உயரம் காணுமா? மூதூர், குச்சவெளிப் பக்கம் பாத்தி போடுற ஆக்கள் சொல்லுங்கோ, மழை இறுகமுதல் போட வேணும்.