சேற்றுக் காலோடு தேவாலயத் தேநீருக்குப் போன கதை

இங்கிலாந்தில் பெரிக் கிராமத்துத் தேவாலயத்தைத் தாண்டியதும் பாதை நேராகக் கோதுமை வயலுக்குள் போனது. வரப்பு கிடையாது. முழங்காலுக்கு மேல் வளர்ந்த பயிரை இரண்டாக வகிர்ந்துகொண்டு ஓர் ஒற்றையடித் தடம். தஞ்சாவூர்க்காரனுக்குக் கால் கூசாதா? விதைத்த வயலில் மிதித்தால் அப்பா தோலை உரித்துவிடுவார். ஓரமாகச் சுற்றிப் போகலாம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாயோடு வந்த ஒரு பெரியவர் கையை ஆட்டினார். "வழி அதுதான், நேராகப் போங்கள். சுற்றிப் போனால்தான் என் பயிரை மிதிப்பீர்கள்."

இங்கிலாந்தில் பொதுப்பாதை தனியார் வயலின் நடுவே போகலாம். உழுது விதைத்தாலும் அந்தத் தடத்தை மறுபடி சரிசெய்து தரவேண்டியது விவசாயியின் பொறுப்பு. சட்டம் தெரிந்த பிறகும் நான் கதிர்களைக் கையால் ஒதுக்கியபடிதான் நடந்தேன்.

நாங்கள் போனது கிழக்கு சசெக்ஸ். லண்டனிலிருந்து லூயிஸ் வந்து, வண்டி மாறி, பெரிக் ரயில் நிலையத்தில் இறங்கினோம். பெரிக் தேவாலயத்தைப் பார்க்காமல் நடையைத் தொடங்காதீர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஓவியர்கள் டங்கன் கிராண்ட், வனெஸா பெல், வனெஸாவின் மகன் க்வென்டின் பெல் மூவரும் வரைந்த சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. அந்த ஓவியத்தில் இயேசு பிறப்பது சசெக்ஸ் கொட்டகை ஒன்றில். பின்னால் தெரிவது நாங்கள் ஏறப்போகிற அதே குன்றுகள்.

ஆல்ஃப்ரிஸ்டனில் கூட்டம். பழைய கட்டடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) 1896இல் பத்து பவுண்டுக்கு வாங்கிய முதல் கட்டடமான பழைய பாதிரியார் வீடு அங்கேதான் இருக்கிறது. ஆற்றைக் கடந்து மேட்டில் ஏறினால் லல்லிங்டன். அங்கிருந்த பெரிய தேவாலயம் அழிந்துபோய், அதன் கிழக்குப் பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இருபது பேர் உட்காரலாம். அதன் பிறகு குன்றுச் சரிவில் 235 அடி உயர வில்மிங்டன் மனிதன், இரண்டு கையிலும் கோலோடு நிற்கும் கோட்டுருவம். சுண்ணாம்புப் பாறையில் செதுக்கியது என்று நம்பிப் போனேன். இப்போது தெரியும் கோடு 1969இல் பதித்த கான்கிரீட் கட்டிகளாம். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வில்மிங்டன் தேவாலயத்துக்கு வந்தபோது மணி மூன்றரை. வாசலில் 'தேநீர்' என்று கையால் எழுதிய அட்டை. முந்தின இரவு பெய்த மழையில் காலணி முழுக்க வெண்சேறு. யோசிக்கவே இல்லை, படியிலேயே கழற்றிவிட்டேன். உள்ளே மேசைக்குப் பின்னால் நின்ற அம்மையார் பதறினார்: "ஐயோ, எதற்குக் கழற்றினீர்கள்? இந்தத் தரை எவ்வளவோ சேற்றைப் பார்த்திருக்கிறது." திரும்பப் போட மனம் வரவில்லை. அப்போதுதான் கவனித்தேன், இடது காலுறையில் கட்டைவிரல் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் கவனித்தார். ஒன்றும் சொல்லாமல் கம்பளித் தொப்பி போட்ட தேநீர்க் குடுவையைச் சாய்த்தார்.

எங்கள் ஊரில் டீ எப்படிப் போடுவோம் என்று கேட்டார். பாலையும் தேயிலையையும் சேர்த்துக் கொதிக்கவிடுவோம் என்றேன். காலுறை ஓட்டையைப் பார்த்தபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

கோப்பைகளோடு வெளியே வந்து யூ என்ற ஊசியிலை மரத்தடியில் உட்கார்ந்தோம். வயது 1600 என்கிறார்கள். கிளைகளுக்கு முட்டுக்கம்பு கொடுத்திருக்கிறார்கள், குலை தள்ளிய வாழைக்குக் கொடுப்பதுபோல. மனைவி இரண்டாவது துண்டு கேக் வாங்கிவர உள்ளே போனாள். நான் போகவில்லை.

* * *

வாசகர் ஒருவர்: எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. நார்ஃபோக்கில் தனியாக நடந்துகொண்டிருந்தேன், நல்ல மழை. ஒதுங்கலாமே என்று ஒரு தேவாலயக் கதவைத் தள்ளினேன், திறந்துகொண்டது. உள்ளே ஒருவரும் இல்லை. பின்வரிசைப் பெஞ்சில் கெட்டில், தேயிலைப் பைகள், டப்பாவில் பிஸ்கட், 'நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்' என்று ஒரு சீட்டு. காசு போடச் சுவரில் துளை. என்னிடம் வங்கி அட்டை மட்டும்தான் இருந்தது. கடன் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அதே வழியில் நடந்து போய் இரண்டு பவுண்டு போட்ட பிறகுதான் நிம்மதி.

* * *

இன்னொரு வாசகர்: படிக்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. உள்ளே போனால் ஏதும் நினைப்பார்களா? முன்கூட்டியே சொல்ல வேண்டுமா? எவ்வளவு ஆகும்?

* * *

என் பதில்: நாங்களும் கிறிஸ்தவர்கள் இல்லை. யாரும் கேட்கவில்லை, ஜெபிக்கவும் சொல்லவில்லை. வழிபாடு நடந்துகொண்டிருந்தால் மட்டும் முடியும்வரை வெளியே காத்திருங்கள். தேநீர் எல்லா நாளும் இருக்காது. கோடை வார இறுதிகளில்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன இடத்தில் விலை எழுதவில்லை. உண்டியல் இருந்தது, கூரைச் செலவுக்கு என்றார்கள். சில்லறை எடுத்துப் போங்கள். கிழியாத காலுறையும்.