சிறையில் மெட்ரிக் படிக்கும் பையனுக்குப் பழைய புத்தகம் கிடைக்குமா?

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த் பக்கத்து அண்ணன்மார், அக்காமார் யாராவது உதவ முடியுமா? என் அக்கா மகன் டர்பன் வெஸ்ட்வில் சிறையில் இருக்கிறான், வயது 23, 9ஆம் வகுப்போடு பள்ளியை விட்டவன், இப்போதுதான் மெட்ரிக் (12ஆம் வகுப்புத் தேர்வு) எழுத ஆசைப்படுகிறான் (வெளியே இருந்தபோது எவ்வளவு கெஞ்சினோம், சரி விடுங்கள்). 21 வயது தாண்டியவர்கள் மெட்ரிக் முடிக்கவென்றே சீனியர் சர்டிபிகேட் தேர்வு இருக்கிறது. அது முடிந்தால் யூனிசாவில் (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) தொலைநிலைக் கல்வி. மண்டேலா இருந்த ராபன் தீவுச் சிறைக் கைதிகள் பலர் அப்படிப் படித்தவர்கள்தானே. வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பினால் அவன் கையில் ஒரு புத்தகமும் இல்லை. கணக்குதான் அவனுக்கு எமன். மேத்ஸ் லிட்டரசி (அன்றாட வாழ்க்கைக் கணக்குப் பாடம்) புத்தகம், பழைய கேள்வித்தாள் இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். அப்புறம், உள்ளே புத்தகம் அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள், முதலில் யாரிடம் அனுமதி கேட்பது?