ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) போச்சு என்றார்கள், கோளாறு ஒரு எர்த் போல்ட்டில் இருந்தது

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கார் வைத்திருக்கும் யாருக்காவது இது உதவும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன். ஸ்கேனரில் வந்த கோடை (பழுதைச் சொல்லும் குறியீட்டு எண்ணை) மட்டும் பார்த்து ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால் உடனே சரி என்று தலையாட்டாதீர்கள், மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

என் வண்டி 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். போன மழைக்காலத்துக்கு அப்புறம் ராத்திரியில் மட்டும் ஒரு தொல்லை ஆரம்பித்தது. ஹெட்லைட், ஏசி இரண்டும் ஓடும்போது ஸ்டீரிங்கை ஒடித்தால் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் லாக் ஆகாமல் பார்ப்பது), ஸ்டீரிங், செக் எஞ்சின் மூன்று லைட்டும் ஒன்றாக எரியும், ஸ்டீரிங் இறுகிவிடும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். ஒரு நாள் சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் இப்படி ஆனது, முன்னாலும் பின்னாலும் லோடு லாரி, வண்டியில் அம்மாவும் குழந்தையும். அந்தக் கணவாயில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரியில் நான் விட்ட ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகியதும் மூன்று கோடு வந்தது: யு0121, யு0131, பி0562. முதல் இரண்டும் ஏபிஎஸ், பவர் ஸ்டீரிங் மாட்யூல்களோடு (அவற்றை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்களோடு) தொடர்பு அறுந்தது என்று சொல்பவை, மூன்றாவது வோல்டேஜ் குறைவு. வோல்டேஜ் குறைவு என்பதால் முதலில் புது பேட்டரி போட்டார்கள். அடுத்த வாரமே லைட் திரும்ப எரிந்தது. அப்புறம் ஏபிஎஸ் மாட்யூல் என்றார்கள், கடைசியில் ஈசியூவே போச்சு, நாற்பத்தெட்டாயிரம் ஆகும், பாதி அட்வான்ஸ் கொடுங்கள் என்றார்கள். நடுவில் ஒவ்வொரு தடவையும் கோடை அழித்துவிட்டார்கள், எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அதுதான். கோடு விழுந்த நேரத்தில் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன என்றெல்லாம் வண்டியே பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அந்தத் தடயமும் சேர்ந்து போய்விடும்.

தொடர்பு அறுந்தது என்று கோடு வந்தால் அந்த மாட்யூல் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வீட்டில் கரண்ட் இல்லாமல் போன் அணைந்துபோன ஆளை, ஊரைவிட்டே போய்விட்டான் என்று சொல்ல முடியுமா? மாட்யூலுக்கு வோல்டேஜ் ஒரு நொடி விழுந்தாலும் மற்றவை அதைக் காணோம் என்றுதான் பதியும்.

அட்வான்ஸ் கொடுக்காமல் வண்டியை எடுத்து, சொந்தக்காரர் ஒருவர் சொன்னதால் தருமபுரியில் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டது, "தம்பி, வண்டி எங்கயாவது இடிச்சு டிங்கர் வேலை நடந்துச்சா?" நடந்திருந்தது, இடது முன்பக்கம், மழைக்கு முன்னால். ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தரும் இதைக் கேட்கவே இல்லை.

பேட்டரி முனையில் அளந்தால் எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட், பேட்டரியைச் சார்ஜ் பண்ணும் ஆல்டர்னேட்டர் நன்றாக வேலை செய்கிறது. அப்புறம் மீட்டர் ஒயரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றைப் பாடியிலும் வைத்து, ஹெட்லைட், ஏசி போட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டீரிங்கை ஒடிக்கச் சொன்னார். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது இரண்டு வோல்ட்டைத் தாண்டி ஏறியது, அந்த நொடியே மூன்று லைட்டும் எரிந்தன. எலக்ட்ரிக் ஸ்டீரிங் மோட்டார் ஒடிக்கும்போது ரொம்ப ஆம்பியர் இழுக்கும், அந்தக் கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி அடைபட்டிருந்தால் பாடியில் எர்த் ஆன எல்லா மாட்யூலுக்கும் வோல்டேஜ் விழும். பேட்டரியை மட்டும் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

பேட்டரி தட்டுக்குக் கீழே எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினார். அடியில் பளபளவென்று புது பெயின்ட்! டிங்கர் வேலையில் பெயின்ட் அடித்து அதன் மேலேயே ஒயரை முறுக்கியிருக்கிறார்கள். அதுவரை மரை வழியாக மட்டும் கரண்ட் போய்க்கொண்டிருந்தது, மழைத் தண்ணீரில் அந்த மரையும் துருப்பிடித்துவிட்டது. உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்து, புது போல்ட் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவினார். திரும்ப அளந்தால் 0.05 வோல்ட்.

அதோடு விடவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே அளந்தார், 60 ஓம். மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் ஒயரிங் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம், இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் வரும் கணக்கு. எல்லாவற்றுக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய் வாங்கினார்.

பழைய ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி பணத்தைக் கேட்டேன், போட்ட பேட்டரியைத் திரும்ப எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். அங்கே இருக்கும் பையன்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஸ்கேனரைக் கையில் கொடுத்தவர்கள் மீட்டர் பிடிக்கக் கற்றுத் தரவில்லை, அதற்கு முதலாளிதான் பொறுப்பு.

மச்சான் வண்டியிலும் இப்போது ஏபிஎஸ் லைட் விட்டு விட்டு எரிகிறதாம், அவர் இருப்பது அரூரில். அந்தப் பக்கம் அளந்து பார்த்து வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். கோடை அழிக்காமல், போட்டோ எடுத்து வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.