திருவாரூர் பக்கம் டிவி நிருபர் வேலை, போகலாமா?

கோரையாறு:
விஸ்காம் முடித்து ஒரு வருடமாகச் சும்மா இருக்கிறேன். ஒரு செய்தி சேனலில் திருவாரூர் மாவட்டத்துக்கு ஸ்ட்ரிங்கர் வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள். மாதச் சம்பளம் கிடையாதாம், ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்று காசு. மைக்கும் லோகோவும் மட்டும் அவர்கள் தருவார்கள், கேமரா, பைக், பெட்ரோல் எல்லாம் நம்முடையது. அப்பா "குரூப் 4 எழுது, அதுவரை வயலைப் பார்" என்கிறார். ஸ்டுடியோவில் உட்கார்ந்து செய்தி வாசிக்கும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை, களத்தில் நிற்கத்தான் ஆசை. இந்த வேலையில் இருந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

பழைய மைக்:
தம்பி, நான் நாகப்பட்டினத்தில் இருபது வருடம் ஓடியவன். 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ, 94 பிள்ளைகள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் டிசம்பர் 26, சுனாமி, எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அப்போது டேப் காலம், எடுத்ததைக் கவரில் போட்டு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புவோம். அன்று அக்கரைப்பேட்டையில் ஒரு அம்மா வந்து, "என் புள்ள உங்க கேமராவுல விழுந்திருக்கானா பாருங்க சார்" என்றார். டேப்பைப் பின்னால் ஓட்டிக் கொடுத்தேன். வியூஃபைண்டரில் கண்ணை வைத்து முழுசாகப் பார்த்தார். பையன் இல்லை. பஸ் போய்விட்டது, சென்னையிலிருந்து திட்டு விழுந்தது.

காசு விஷயம் கேட்டால், மூன்று மாத பாக்கி சகஜம். பிரஸ்மீட்டில் பணம் வைத்த கவர் நீட்டுவார்கள், ஒரு தடவை வாங்கினால் அப்புறம் அந்த ஆளைப் பற்றி உன் வாய் திறக்காது. கல்யாணப் பேச்சில் "சம்பளம் எவ்வளவு" என்பார்கள், அதற்கு மட்டும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்.

டெஸ்க் அக்கா:
நான் சென்னையில், நிருபர்கள் அனுப்பும் செய்தியை வாங்கும் இன்புட் டெஸ்கில் இருந்தவள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தபோது வேதாரண்யம் பக்கமிருந்து எங்களுக்கு ஃபோனோ, அதாவது நிருபர் போனில் சொல்லும் செய்தி, மட்டும்தான், அதுவும் நடுவில் அறுந்துவிட்டது. டவர் இல்லை, கரண்ட் இல்லை. ரோடு முழுக்க மரம் கிடக்க, அந்த நிருபர் தஞ்சாவூர் வரை பைக்கில் வந்துதான் விஷுவல் அனுப்பினார். அதில் பத்து செகண்டை நாள் முழுக்கத் திருப்பித் திருப்பி ஓட்டினோம். அவர் பெயரைத் திரையில் போட்டோமா என்று கேட்காதே. டெஸ்கில் இருப்பவர்களுக்கு டெல்டா என்றால் வெடித்த வயலும் அழுகிற விவசாயியும்தான், வேறு எதை அனுப்பினாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்போம். நானும் சொல்லியிருக்கிறேன்.

கடைமடைக்காரன்:
மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் பூத் தூவுவதை எல்லாச் சேனலும் லைவ் காட்டும். கல்லணையில் இன்னொரு தடவை பூ. எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வருகிறது என்று பார்க்க ஒருத்தரும் வருவதில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நெல்லைத் தள்ளி வைப்பார்களே, மழையில் மூட்டையிலேயே முளைத்துக் கிடக்குமே, அங்கே வா தம்பி. ஆனால் விவரம் தெரிந்து வா. போன தடவை வந்த நிருபர் நாற்றங்காலைக் காட்டி "அறுவடைக்குத் தயாரான பயிர்" என்று லைவில் சொல்லிவிட்டுப் போனார்.

கோரையாறு:
எல்லாருக்கும் நன்றி. கடைசிப் பதிலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் "உனக்கு மட்டும் தெரியுமா?" என்று கேட்டு, நாளைக்கு நாற்றுப் பறிக்க வரச் சொல்லிவிட்டார். செகண்ட் ஹேண்ட் கேமரா திருச்சியில் எங்கே கிடைக்கும்?