விஷவாயு பட்டவருக்கு 20 வருடம் கழித்துமா பாதிப்பு வரும்?

பொன்னி_78 (கேள்வி)

ஈராக்கின் குர்து ஊரான ஹலப்ஜாவில் நடந்த விஷவாயுத் தாக்குதல் பற்றி எங்கே படித்தாலும் 1988 மார்ச் 16, ஏறக்குறைய 5,000 பேர் சாவு, அதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. அன்றைக்குத் தப்பித்தவர்கள் அதைவிட அதிகம், அவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது? கடுகு வாயு பட்டு, கண் சிவந்து, சில வாரம் இருமிவிட்டு எழுந்து வேலைக்குப் போன ஒருவருக்கு இருபது வருடம் கழித்துப் பார்வை போகக்கூடும் என்று ஓரிடத்தில் பார்த்தேன். உடம்பில் அந்த ரசாயனமே இல்லாதபோது இது எப்படி நடக்கும்? சாரின் என்ற நரம்பு விஷத்துக்கும் இதே கதைதானா? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்கள்.

நுரையீரல்காரன்

நடக்கும். கடுகு வாயு உடம்பில் தங்கியிருந்து கெடுப்பதில்லை. பட்ட சில நிமிடங்களிலேயே செல்லுக்குள் புகுந்து டிஎன்ஏவோடு ஒட்டி வேலையை முடித்துவிடுகிறது. கொடுமை என்னவென்றால் அந்த நேரத்தில் பெரிதாக வலி இருக்காது. எரிச்சலும் கொப்புளமும் தெரியவே பல மணி நேரம் ஆகும், அதுவரை மக்கள் அதே உடையோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். முறிமருந்து இன்றுவரை கிடையாது, உடனடியாக உடையைக் களைந்து கழுவுவதுதான் ஒரே வழி. காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். குண்டுவீச்சுக்குப் பயந்து நிலவறைக்குள் இறங்கிப் பழகிய ஹலப்ஜா மக்களுக்கு அந்தப் பழக்கமே எமனாகிவிட்டது.

கண்ணுக்கு வருகிறேன். கருவிழியைச் சுற்றி ஓரத்தில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. மேல்படலம் தேயத் தேயப் புதுச் செல்களை அனுப்புவது அவைதான். வாயு அவற்றில் பாதியை அழித்திருந்தாலும் மிச்சக் கையிருப்பை வைத்துக்கொண்டு கண் பல வருடம் ஓட்டிவிடும். அது தீர்ந்த பிறகுதான் கருவிழி புண்ணாகி, உள்ளே ரத்தக் குழாய்கள் வளர்ந்து, பார்வை மங்கும். அப்போது கருவிழியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் நிலைக்காது, ஸ்டெம் செல்களையும் சேர்த்து வைக்க வேண்டியிருக்கும். ஆனால் இந்தக் கோளாறு கண்ணில் கடுமையாகப் பட்டவர்களிலேயே ஒரு சிறு பகுதியினருக்குத்தான் வருகிறது, எல்லோருக்கும் இல்லை.

அதிகம் பேரை வாட்டுவது நுரையீரல். ஈரானில் சர்தஷ்த் என்ற ஊரில் 1987 ஜூன் 28 அன்று ஈராக் விமானங்கள் கடுகு வாயு குண்டுகளைப் போட்டன. சுமார் 12,000 பேர் இருந்த ஊரில் நாலாயிரத்துக்கும் மேல் பாதிப்பு. அவர்களை 20 வருடம் கழித்து, வாயு படாத பக்கத்து ஊர்க்காரர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். தீராத இருமல், சளி, மூச்சுத் திணறல், தோல் வறட்சி, அரிப்பு எல்லாம் சர்தஷ்த்காரர்களிடம்தான் அதிகம். அன்றைக்கு மருத்துவமனையில் சேர்க்கப்படாதவர்களிடமும் இந்தத் தொல்லைகள் இருந்தன.

கறார்_கந்தசாமி

மேலே சொன்னதில் மறுப்பு இல்லை, ஆனால் இணையத்தில் எல்லா ரசாயனத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

சாரின் முழுக்க வேறு ரகம். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞையை நிறுத்த ஒரு நொதி இருக்கிறது, சாரின் அதை முடக்கிவிடும். மூச்சுத் தசைகள் செயலிழந்து நிமிடங்களில் சாவு வரலாம், அட்ரோபின் போன்ற மருந்து நேரத்துக்குக் கிடைத்தால் பிழைக்கலாம். 1995 மார்ச் 20 டோக்கியோ சுரங்க ரயில் தாக்குதலில் பிழைத்தவர்கள் பல வருடம் கழித்தும் கண் சோர்வு, மங்கல் பார்வை, மறதி, கெட்ட கனவு என்று சொன்னார்கள். இதில் எது நரம்புச் சேதம், எது அன்றைய அதிர்ச்சி என்று பிரித்துச் சொல்வது லேசான காரியம் இல்லை.

புற்றுநோய் விஷயத்திலும் நிதானம் வேண்டும். ஜப்பானின் ஓகுனோஷிமா தீவில் 1929 முதல் இரண்டாம் உலகப் போர் முடியும்வரை கடுகு வாயு உள்ளிட்ட விஷவாயுக்களைத் தயாரித்தார்கள், அங்கே வேலை பார்த்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்பது நிரூபணமான விஷயம். ஆனால் அவர்கள் அதை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சுவாசித்தவர்கள். ஒரே ஒரு நாள் பட்ட பொதுமக்களிடம் ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. கண்காணிப்பு வேண்டும், சரி. "எல்லோருக்கும் புற்றுநோய் வரும்" என்று எழுதிப் பிழைத்தவர்களைப் பயமுறுத்த வேண்டாம்.

பொன்னி_78

இருவருக்கும் நன்றி. இன்னொன்று கேட்கிறேன், சிகரெட் பிடிப்பவருக்கும் இதே இருமல்தானே? மருத்துவர் எப்படிப் பிரிப்பார்?

நுரையீரல்காரன்

சாதாரண எக்ஸ்ரேயில் பல சமயம் ஒன்றுமே தெரியாது, ஆஸ்துமா என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மூச்சை வெளியே விட்ட நிலையில் சிடி ஸ்கேன் எடுத்தால், சின்னஞ்சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபட்டதால் காற்று உள்ளேயே சிக்கிக்கொண்டிருப்பது தெரியும். அதையும் 30 வருடம் முந்தைய வாயுதான் செய்தது என்று சொல்ல எந்த ரத்தப் பரிசோதனையும் இல்லை. அன்றைக்கு எங்கே இருந்தீர்கள், எத்தனை மணிக்குக் கண் எரிந்தது, கொப்புளம் எங்கெங்கே வந்தது, வீட்டில் வேறு யாருக்கு வந்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

தேன்மொழி

பொதுமக்கள் அடிபடுவது இந்த இடத்தில்தான். சிப்பாய்க்கு எந்தப் படைப்பிரிவு, எந்த நாள், எந்த இடம் என்று ஏடு இருக்கும். வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளுக்கு என்ன இருக்கும்?

வியட்நாமைப் பாருங்கள். ஏஜென்ட் ஆரஞ்சு என்பது போரின்போது அமெரிக்கப் படை பயிரையும் காட்டையும் அழிக்கத் தெளித்த களைக்கொல்லி, அதில் கலந்திருந்த டையாக்சின்தான் வினை. கடுகு வாயுவுக்கு நேரெதிராக இது உடம்புக் கொழுப்பில் தங்கிவிடும், பாதி அளவு குறையவே ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். அமெரிக்கா 1991-இல் தன் முன்னாள் வீரர்களுக்கு ஒரு சட்டம் போட்டது. வியட்நாமில் இருந்தேன் என்று காட்டி, பட்டியலில் உள்ள நோயும் இருந்தால் போதும், ரசாயனம் பட்டதைத் தனியாக நிரூபிக்க வேண்டாம். அதே ரசாயனத்தைத் தயாரித்த நிறுவனங்கள் மேல் வியட்நாம் மக்கள் போட்ட வழக்கை 2005-இல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை நடக்கிறது. டா நாங் விமானதளத்தில் 2018-இல் முடிந்தது, அதைவிடப் பெரிய பியென் ஹோவா இன்னும் முடியவில்லை.